ஒரே ஸ்மோக்கரில் பன்றித் தோள், ரிப்ஸ், கோழி, சாசேஜ், மீன்: எது முதலில், எது எந்தத் தட்டில்?

கேள்வி: மாலைப்புகை

வணக்கம். சனிக்கிழமை மாலை 6 மணிக்குப் பதினைந்து பேருக்குப் பரிமாற வேண்டும். இருப்பது 57 செ.மீ. அகலமுள்ள, நெட்டுக்குத்தான கரி ஸ்மோக்கர் (கறியைப் புகையில் வேகவைக்கும் அடுப்பு). அடியில் கரி வளையம், அதற்கு மேல் தண்ணீர்த் தட்டு, அதற்கும் மேல் இரண்டு கம்பித்தட்டுகள்.

வைக்க நினைப்பது: எலும்போடு பன்றித் தோள் 3.5 கிலோ, பன்றி ரிப்ஸ் (விலா எலும்புக் கறி) 2 வரிசை, தலா 1.8 கிலோவில் முழுக்கோழி 2, பச்சை சாசேஜ் 1.5 கிலோ, தோலோடு சால்மன் துண்டம் 1 கிலோ.

தனித்தனியாக இவற்றைப் புகைபோடும் முறை தெரியும். எல்லாம் ஒரே நாளில், ஒரே அடுப்பில் என்று வரும்போதுதான் குழப்பம். பன்றித் தோளுக்கு 110 டிகிரி என்கிறார்கள், கோழிக்கு 150க்கு மேல் என்கிறார்கள். எந்த வெப்பத்தில் நிறுத்துவது? கோழியை மேலே வைத்தால் அதன் பச்சைச் சாறு கீழே உள்ள கறியில் சொட்டும், கீழே வைத்தால் பன்றிக் கொழுப்பு கோழியில் சொட்டும். இதில் எது பரவாயில்லை? எல்லாவற்றுக்கும் ஒரே மரக்கட்டை போதுமா? ஐந்தும் 6 மணிக்குச் சூடாக இருக்க வழி உண்டா? (டிகிரி எல்லாம் செல்சியஸ்.)

பதில்: தணல்

ஐந்தையும் ஒன்றாக வேகவைக்கும் ஒரு வெப்பநிலையைத் தேடாதீர்கள். அப்படி ஒன்று இல்லை. பன்றித் தோளில் இணைப்புத்திசு நிறைய. அது கரைந்து கூழாக, கறி பல மணி நேரம் சூட்டில் இருந்து உள்வெப்பம் 93 முதல் 96 வரை போக வேண்டும். கோழிக்கு அந்த நேரம் தேவையே இல்லை, தோல் மொறுமொறுப்பாக மேல்சூடுதான் வேண்டும். 120 டிகிரியில் கோழி வெந்துவிடும், ஆனால் தோல் ரப்பர்போல் இழுபடும். ஆகவே இடத்தைப் பங்கிடுவதைவிட நேரத்தைப் பங்கிடுங்கள். நாள் முழுக்க 120, கடைசி ஒன்றரை மணி நேரம் 160. பெரிய கறி முன்னதாக முடிந்து, போர்த்திய நிலையில் காத்திருக்கட்டும். கோழி கடைசியாக, தனியாக ஏறட்டும். இப்படி வைத்தால் சாறு சொட்டும் சிக்கலில் பெரும்பகுதி தானாகவே தீரும்.

6 மணியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால் உங்கள் நாள் இப்படி அமையும்.

அதிகாலை 4:15க்குக் கரி. வளையம் நிரம்ப சுமார் 7 கிலோ பிரிக்கெட் கரியை (அச்சில் அழுத்திய கரித்துண்டுகள்)ப் பற்றவைக்காமல் கொட்டி, நடுவில் குழி செய்து, நன்றாகக் கனிந்த 15 முதல் 20 கரிகளை அதில் போடுங்கள். நெருப்பு உள்ளிருந்து வெளியே மெதுவாகப் பரவும். முழுவதையும் பற்றவைத்துவிட்டால் வெப்பம் 180ஐத் தாண்டும். அதை இறக்கவே ஒன்றரை மணி நேரம் போகும். தண்ணீர்த் தட்டில் 3 லிட்டர் வெந்நீர். குளிர்ந்த நீர் வேண்டாம், அதைச் சூடாக்கவே கரி வீணாகும்.

5:15க்குப் பன்றித் தோள் கீழ்த்தட்டில். உப்பை முந்தின நாளே பூசிவிடுங்கள். எடையில் சுமார் 1.25 சதவீதம், அதாவது 3.5 கிலோவுக்கு 45 கிராம் போல. மற்ற மசாலாவைக் காலையில் தடவினால் போதும்.

9:45க்கு ரிப்ஸ் மேல்தட்டில். உள்பக்கச் சவ்வை உரித்துவிடுங்கள். ரிப்ஸின் பச்சைச் சாறு கீழே தோளில் சொட்டுமே என்று தோன்றும். அந்தத் தோள் இன்னும் ஐந்து மணி நேரம் சூட்டில் இருக்கப்போகிறது, அதன் மேற்பரப்பில் கிருமி பிழைக்காது.

10:30, 11 மணி வாக்கில் தோளின் உள்வெப்பம் 68, 70 என்று வந்து அங்கேயே நின்றுவிடும். இதுதான் ஸ்டால். கறியின் மேலிருந்து நீர் ஆவியாகும்போது அது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. உள்ளே வரும் சூடும் வெளியே போகும் சூடும் சமமாகிவிடுகின்றன. பயந்துபோய் நெருப்பைக் கூட்டாதீர்கள். விரலால் சுரண்டினால் மேல்பட்டை (மசாலாவும் புகையும் சேர்ந்து இறுகிய கரிய மேல்பூச்சு) பெயர்ந்து வராத நிலை வந்ததும் இரண்டு சுற்று ஃபாயிலில் இறுக்கமாகச் சுற்றி, அதே இடத்தில் வையுங்கள். ஆவியாவது நின்றதும் வெப்பம் மறுபடி ஏறும். பட்டை ஈரமாகாமல் இருக்க வேண்டுமென்றால் புட்சர் பேப்பர் (கறி சுற்றும் தடித்த தாள்) நல்லது, ஆனால் ஒரு மணி நேரம் வரை கூடுதலாகப் பிடிக்கும். உங்கள் கால அட்டவணைக்கு ஃபாயில்தான் பாதுகாப்பு.

1:45க்கு சாசேஜ் கீழ்த்தட்டில், சுற்றிய தோளுக்குப் பக்கத்தில். ரிப்ஸுக்கு மேலே வைக்காதீர்கள். ரிப்ஸ் இறங்கப்போகும் நேரம் அது. 120 டிகிரியில் ஒன்றேகால், ஒன்றரை மணி நேரத்தில் உள்வெப்பம் 71 வரும். கோழி சாசேஜ் என்றால் 74 வரை போக வேண்டும். 150க்கு மேல் சூட்டில் வைத்தால் உள்ளிருக்கும் கொழுப்பு உருகி, உறை வெடித்து, கறி மரத்தூள்போல் ஆகிவிடும். அதனால்தான் சாசேஜைக் கோழியோடு சேர்க்காமல் அதற்கு முந்தின கட்டத்தில் வைக்கச் சொல்கிறேன்.

3 மணியளவில் ரிப்ஸ், தோள், சாசேஜ் மூன்றும் இறங்கும். ரிப்ஸைத் தெர்மாமீட்டரை நம்பிச் சோதிப்பது கடினம், எலும்பு நெருக்கம். இடுக்கியால் ஒரு முனையில் மூன்றில் ஒரு பங்கைப் பிடித்துத் தூக்குங்கள். மீதிப் பகுதி வளைந்து, மேல்பரப்பு லேசாக விரிசல் விட்டால் தயார். தோளில் ப்ரோப் (தெர்மாமீட்டரின் ஊசி) குத்தினால், கனிந்த வாழைப்பழத்தில் குச்சி இறங்குவதுபோல் எல்லாப் பக்கமும் இறங்க வேண்டும். ஒரு பக்கம் தடுத்தால் 96 காட்டினாலும் இன்னும் நேரம் வேண்டும்.

தோளின் ஃபாயிலை 15 நிமிடம் திறந்து வைத்து ஆவி போகவிடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே தொடர்ந்து வெந்து குழைந்துவிடும். பிறகு மறுபடி சுற்றி, துண்டில் பொதிந்து, காலி ஐஸ் பெட்டிக்குள். பெட்டியில் முன்பே சூடான தண்ணீரை ஊற்றி 20 நிமிடம் மூடிவைத்துக் கொட்டிவிடுங்கள். இந்த அளவுள்ள துண்டு மூன்று நான்கு மணி நேரம் 60 டிகிரிக்கு மேலேயே நிற்கும். ரிப்ஸும் சாசேஜும் மெல்லியவை, பெட்டியில் தாங்காது. ஃபாயில் மூடிய தட்டில் 75 டிகிரி ஓவன்தான் அவற்றுக்குச் சரி.

3:15க்கு நெருப்பைக் கிளப்ப வேண்டும். ஒரு சிம்னி (கரி பற்றவைக்கும் உலோகக் குழாய்) நிறையக் கரியை 2:45க்கே தனியாகப் பற்றவைத்திருங்கள். நடுப்பகுதியைத் தூக்கிச் செங்கல்மேல் வைத்து, சாம்பலைக் கிளறி விழச்செய்து, கனிந்த கரியைக் கொட்டுங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை: தண்ணீர்த் தட்டில் அப்போது கொழுப்பு மிதக்கும் கொதிநீர் இருக்கும். நெருப்புமேல் சிந்தினால் கொழுப்பு குப்பென்று பற்றும், சாம்பலும் மேலே எழும். அதனால் 12 மணிக்குப் பிறகு தண்ணீர் சேர்க்கவே வேண்டாம். கோழிக்கு அந்தத் தட்டை எடுத்துவிடுங்கள். எடுக்காமல் வற்றவிட்டால் அதில் தேங்கிய பன்றிக் கொழுப்பு 160 டிகிரியில் கருகி, கசந்த புகையைக் கோழியில் ஏற்றிவிடும். எல்லாக் காற்றுத்துவாரங்களையும் முழுதாகத் திறந்தால் அரை மணி நேரத்தில் 160 வரும்.

3:45க்குக் கோழி. முதுகெலும்பை வெட்டியெடுத்து, மார்பெலும்பை அமுக்கித் தட்டையாக்கி, தோல் மேல்பார்க்க மேல்தட்டில். முந்தின இரவே ஒவ்வொன்றுக்கும் 20 கிராம் உப்பும் ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடரும் கலந்து தோலில் தடவி, மூடாமல் ஃபிரிட்ஜில் வைத்திருந்தால் தோல் காய்ந்திருக்கும். தோல் மொறுமொறுப்பாவது பாதி அங்கேயே நடந்துவிடுகிறது. 75 முதல் 90 நிமிடம். மார்பின் தடித்த இடத்தில் 74, தொடையில் 80. ஐந்தேகாலுக்குள் இறங்கிவிடும், ஐந்தரைக்கு வெட்டலாம்.

சால்மனைச் சனிக்கிழமைக்கு வைக்காதீர்கள். வெள்ளிக்கிழமை மாலை தனியாக, 90 முதல் 105 டிகிரியில், உள்வெப்பம் 63 வரும்வரை புகைபோட்டு, ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். புகைபோட்ட சால்மன் குளிர்ச்சியாகத்தான் நன்றாக இருக்கும். இந்தக் கூட்டத்தில் அதற்குப் பொருத்தமான நேரமே இல்லை. காலையில் வைத்தால் மீன் வாடை தோளில் ஏறும், மாலையில் 160இல் வைத்தால் வெள்ளைப் புரதம் வழிந்து காய்ந்துபோகும்.

பதில்: கம்பித்தட்டு

தணல் சொன்ன கால வரிசை சரி. கோழி விஷயத்தில் மட்டும் வேறு கருத்து. எரியும் ஸ்மோக்கரின் நடுப்பகுதியைத் தூக்கி இறக்குவது எல்லாருக்கும் ஏற்ற வேலை இல்லை. குழந்தைகள் ஓடியாடும் முற்றமென்றால் கூடவே கூடாது.

முழுக்கோழியை விட்டுவிட்டு, எலும்போடு தொடைத்துண்டு வாங்கிவிட்டால் இந்த வேலையே தேவையில்லை. தொடை 120, 125 டிகிரியில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்தில் 75 தொடும். கொழுப்பும் இணைப்புத்திசுவும் இருப்பதால் காயாது. அதற்குள் பக்கத்தில் ஒரு சிறு கரி அடுப்பில் நல்ல தணல் தயாராக வைத்து, தோல் பக்கம் கீழே பார்க்க 2 அல்லது 3 நிமிடம் காட்டினால் தோல் சுருங்கி மொறுமொறுப்பாகும், உள்வெப்பமும் 80, 82க்கு வந்துவிடும். இனிப்புச் சாஸ் பூசுவதாக இருந்தால் இந்தக் கடைசிச் சூட்டுக்குப் பிறகு பூசுங்கள். சர்க்கரை நேர்த்தணலில் நொடியில் கருகும்.

இப்படி மற்றவற்றோடு சேர்த்து வைக்கும்போது கோழி கட்டாயம் கீழ்த்தட்டில்தான் இருக்க வேண்டும். நீங்கள் கேட்ட கேள்விக்கு நேரான பதில் இது: பன்றிக் கொழுப்பு கோழியில் சொட்டுவது சுவையைத்தான் மாற்றும், கோழிச் சாறு வெந்த ரிப்ஸில் சொட்டுவது ஆளைப் படுக்கையில் தள்ளும். தவிர்க்க முடியாமல் கோழி மேலே போனால், சொட்டும் சாற்றைப் பிடிக்க அதற்கு அடியில் ஓர் அலுமினியத் தட்டை வையுங்கள். தட்டு கம்பித்தட்டின் பாதிக்கு மேல் மறைக்கக் கூடாது. மறைத்தால் மேலே காற்றோட்டம் அறுந்து, அந்தப் பக்கம் வேகாது.

இன்னொன்று. இந்த வகை ஸ்மோக்கரில் மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் 5 முதல் 15 டிகிரி வித்தியாசம் இருக்கும், வழக்கமாக மேலேதான் சூடு அதிகம். கீழ்த்தட்டு முழுக்கக் குளிர்ந்த கறி ஏறினால் அந்த வித்தியாசம் இன்னும் கூடும். மூடியில் பொருத்தியிருக்கும் தெர்மாமீட்டர் கறி இருக்கும் இடத்தின் வெப்பத்தைக் காட்டாது. இரண்டு தட்டிலும் ஒவ்வொரு ப்ரோப், கறியிலிருந்து மூன்று நான்கு செ.மீ. தள்ளி, கம்பிமேல் பிடித்து வையுங்கள். கறிக்கு ஒட்டி வைத்தால் கறியைச் சுற்றியுள்ள குளிர்ந்த காற்றை அளந்து 15 டிகிரி குறைவாகக் காட்டும், நீங்கள் தேவையில்லாமல் நெருப்பைக் கூட்டுவீர்கள். ப்ரோப்பைக் கொதிக்கும் நீரிலும், நொறுக்கிய ஐஸ் நிறைந்த நீரிலும் முதல் நாளே சரிபாருங்கள். கடல்மட்டத்துக்கு அருகில் 100, ஐஸில் 0 காட்ட வேண்டும்.

பதில்: நீலப்புகை

மரக்கட்டை பற்றி யாரும் சொல்லவில்லை. கலந்து வைக்கும்போது எது புகையை அதிகம் உறிஞ்சுமோ அதற்கு ஏற்ற மரத்தைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். உங்கள் பட்டியலில் அது கோழியும் மீனும். ஹிக்கரி, மெஸ்கீட் போன்ற கடுமையான புகை தரும் மரங்கள் பன்றித் தோளில் எட்டு மணி நேரம் தாங்கும், கோழித்தோலில் ஒரு மணி நேரத்திலேயே கசப்பாகிவிடும். ஆப்பிள், செர்ரி, கொய்யா, மா மாதிரிப் பழமரம் எல்லாவற்றுக்கும் பொது. தோளுக்குக் கொஞ்சம் அழுத்தம் வேண்டுமென்றால் முதல் மூன்று மணி நேரத்துக்கு மட்டும் ஓக் கலந்துகொள்ளுங்கள். பைன் போன்ற பிசின் வடியும் மரம், பெயின்ட் அடித்த பலகை, ஒட்டுப்பலகை எதுவும் கூடாது.

அளவு: முஷ்டி அளவில் 4 கட்டை, கரி வளையத்தில் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக இடைவெளி விட்டுப் புதைத்து. நெருப்பு பரவும்போது ஒன்றன்பின் ஒன்றாகப் பற்றும். ரிப்ஸ் வைக்கும் 9:45க்கு இன்னும் ஒன்று, கோழிக்கு அரைக் கட்டை. ஃபாயிலில் சுற்றியபின் தோளுக்குப் புகை ஏறாது, அதற்காகக் கட்டை போடுவது வீண்.

கட்டையை நீரில் ஊறப்போடாதீர்கள். இரவெல்லாம் ஊறினாலும் தண்ணீர் மேல்தோலில் சில மில்லிமீட்டர்தான் இறங்கும். அந்த ஈரம் காயும்வரை வருவது நீராவி, அதன்பின் வருவது அரைகுறையாக எரியும் வெள்ளைப் புகை. நமக்கு வேண்டியது கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் மெல்லிய நீலப் புகை. தடித்த வெள்ளைப் புகை வந்தால் நெருப்புக்குக் காற்றுப் போதவில்லை என்று பொருள். அப்போது மேல்துவாரத்தை மூடிச் சூட்டைக் குறைப்பதுதான் பலர் செய்யும் தவறு. மேல்துவாரம் எப்போதும் முழுதாகத் திறந்திருக்கட்டும். சூட்டைக் கூட்டுவதும் குறைப்பதும் அடித்துவாரத்தில்தான்.

கலவைச் சமையலில் மட்டும் வரும் ஒரு தொல்லை உண்டு. புதிதாக ஒன்றை உள்ளே வைக்கும் ஒவ்வொரு முறையும் மூடி திறக்கிறது, காற்று பாய்ந்து கரி சீறுகிறது, அதே நேரத்தில் குளிர்ந்த கறி உள்ளே வந்து வெப்பமானி 90க்கு விழுகிறது. உடனே அடித்துவாரத்தை அகலத் திறந்தால் இருபது நிமிடத்தில் 150க்குப் போய் நிற்கும். கையை வைக்காமல் 20, 25 நிமிடம் விடுங்கள், தானே 115க்குத் திரும்பிவிடும். வைக்க வேண்டியதையெல்லாம் தட்டில் அடுக்கித் தயாராக வைத்துக்கொண்டு ஒரே திறப்பில் முடித்துவிடுங்கள். துண்டுக்குத் துண்டு இரண்டு விரல் இடைவெளி வேண்டும்; ஒட்டி வைத்த பக்கம் வெளிறிப்போய், பட்டை பிடிக்காமல் இருக்கும்.

கறியை வெளியே வைத்து அறை வெப்பத்துக்குக் கொண்டுவரத் தேவையில்லை. குளிர்ந்த, லேசாக ஈரமான மேற்பரப்பில்தான் புகை நன்றாகப் படியும். ஃபிரிட்ஜிலிருந்து நேராக ஸ்மோக்கருக்கு.

மாலைப்புகை

மிக்க நன்றி, மூவருக்கும். மீனை வெள்ளிக்கிழமைக்கு மாற்றிவிட்டேன். கோழிக்குத் தொடைத்துண்டு முறையே எனக்குச் சரிப்படும்.

இன்னும் இரண்டு கேள்வி. தோள் 3 மணிக்குள் முடியாமல் 85இலேயே நின்றுகொண்டிருந்தால் என்ன செய்வது? வருபவர்களில் நான்கு பேர் பன்றி சாப்பிடாதவர்கள். அவர்களுக்காக ஆட்டுத் தொடை ஒன்று, எலும்போடு 2 கிலோ, சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். அதை எந்தத் தட்டில் வைப்பது?

பதில்: உப்புக்கல்

முதல் கேள்விக்கு: ஃபாயிலில் சுற்றிய கறிக்கு அது எந்த அடுப்பில் இருக்கிறது என்று தெரியாது. வீட்டு ஓவனை 130க்கு வைத்து உள்ளே தள்ளுங்கள். ஸ்மோக்கரில் இடமும் கிடைக்கும். இதைவிட நல்லது, வாங்கும்போதே எலும்புப் பக்கம் ஒன்று, எலும்பில்லாத பக்கம் ஒன்று என இரண்டாக வெட்டிவிடுவது. வேகும் நேரத்தைத் தீர்மானிப்பது மொத்த எடையைவிடத் தடிமன்தான்; இரண்டாக்கினால் இரண்டு மணி நேரம் வரை மிச்சமாகும், பட்டையும் கூடுதலாகக் கிடைக்கும்.

இரண்டாவது கேள்வி தட்டு பற்றியது மட்டும் இல்லை. அந்த நான்கு பேர் ஏன் சாப்பிடுவதில்லை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சுவை பிடிக்காதவர் என்றால் தனித்தட்டு போதும். மத நம்பிக்கையால் விலக்குபவர் என்றால் அதே ஸ்மோக்கரில், பன்றியோடு வைத்த ஆட்டுக்கறி அவர்களுக்கு ஆகாது, எந்தத் தட்டில் வைத்தாலும் சரி. சொட்டுவது மட்டும் பிரச்சினை இல்லை. ஆவியாகும் கொழுப்பு மூடியின் உள்பக்கம் படிந்து எல்லாவற்றின்மேலும் விழுகிறது. கம்பித்தட்டு, இடுக்கி, பலகை, கத்தி எல்லாவற்றிலும் அது இருக்கும். முன்பு பன்றி சமைத்த ஸ்மோக்கரே கூடாது என்பவர்களும் உண்டு. கறி எங்கே, எப்படி அறுக்கப்பட்டது என்பதும் அவர்களுக்கு முக்கியம். சாசேஜை மறக்காதீர்கள்: உள்ளே கோழிக்கறி என்றாலும் உறை பன்றிக்குடலாக இருக்கலாம், பொட்டலத்தில் பார்த்துவிடுங்கள்.

என் யோசனை, பன்றித் தோளுக்குப் பதிலாக மாட்டு நெஞ்சுக்கறியோ ஆட்டுத் தோளோ வைத்து, ரிப்ஸையும் மாட்டு ரிப்ஸாக மாற்றி, புதுக் கம்பித்தட்டு வாங்கிவிடுவது. முடியாது என்றால் அவர்களுக்கான கறியைத் தனி அடுப்பில், தனிப் பாத்திரங்களோடு செய்து, எது எதில் வெந்தது என்று பரிமாறும் முன்பே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். அவரவர் முடிவு செய்துகொள்வார்கள். மறைப்பது மட்டும் கூடாது.

ஆட்டுத் தொடைக்கும் தோளுக்கும் வித்தியாசம் பெரிது. தோள் 120 டிகிரியில் ஆறேழு மணி நேரம், 93 வரை, பிய்த்துப் பரிமாறலாம். தொடையில் கொழுப்பு குறைவு, 93க்குக் கொண்டுபோனால் நாராகிவிடும். எலும்போடு 2 கிலோ தொடை 120இல் இரண்டரை முதல் மூன்றரை மணி நேரம். 60இல் எடுத்து ஃபாயிலால் தளர்வாக மூடி வைத்தால் மூன்று டிகிரி தானே ஏறி 63 ஆகும், அதற்குமேல் சில நிமிடம் ஓய்வு. இந்தத் தொடையை 4 மணி நேரம் ஐஸ் பெட்டியில் வைக்க முடியாது, அதனால் கடைசி வரிசைதான் அதற்கு. ஆட்டுக் கொழுப்புக்குத் தனி வாடை உண்டு. அடியில் தட்டு இல்லாமல் எதற்கும் மேலே வைக்காதீர்கள்.

பாதுகாப்பில் சிலது விட்டுப்போயிருக்கிறது. ரிப்ஸுக்கும் கோழிக்கும் மேலே தடவும் சாஸை ஒரே கிண்ணத்தில் வைத்து ஒரே தூரிகையால் தடவுவதுதான் கலவைச் சமையலில் அதிகம் நடக்கும் தப்பு. பச்சைக்கோழியில் பட்ட தூரிகை, முடிந்த ரிப்ஸைத் தொடக் கூடாது. இரண்டு கிண்ணம், இரண்டு தூரிகை. ப்ரோப்பும் அப்படித்தான்: கோழியில் குத்தி 60 காட்டியதை எடுத்து அப்படியே சாசேஜில் குத்தாதீர்கள், நடுவில் சோப்பும் வெந்நீரும் போட்டுக் கழுவுங்கள். பச்சைக்கோழியைக் குழாயில் கழுவவும் வேண்டாம், தெறிக்கும் நீர் பக்கத்தில் இருக்கும் எல்லாவற்றிலும் படும்.

முழுத் துண்டில் கிருமி மேற்பரப்பில்தான் இருக்கும், சூடு முதலில் படுவதும் அங்கேதான். ஆனால் ஊசியால் உப்புநீர் ஏற்றியிருந்தாலோ, எலும்பெடுத்துச் சுருட்டிக் கட்டியிருந்தாலோ, ஆரம்பத்திலேயே ஆழமாக ப்ரோப் குத்தியிருந்தாலோ அது உள்ளேயும் போய்விடும். அப்படிப்பட்ட கறி 4 மணி நேரத்துக்குள் உள்ளே 60ஐத் தாண்ட வேண்டும். அதனால் தோளில் ப்ரோப்பை இரண்டு மணி நேரம் கழித்துக் குத்தினால் போதும். கறியைப் பாதி வேகவைத்து எடுத்து வைத்து, மறுநாள் மீதியை முடிப்பது எந்த நிலையிலும் கூடாது.

புகைபோட்ட கோழி 80 தொட்ட பின்பும் எலும்பருகே இளஞ்சிவப்பாக இருக்கலாம். இளம் கோழியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து நிறமி கசிவதால் வரும் நிறம் அது. தோலுக்குக் கீழே தெரியும் இளஞ்சிவப்பு, புகையில் உள்ள நைட்ரிக் ஆக்சைடு கறியின் நிறமியோடு சேர்வதால் வருவது. வேகவில்லை என்று யாராவது தட்டைத் தள்ளினால் ப்ரோப்பைக் குத்திக் காட்டுங்கள்.

கேள்வி: உருண்டைஅடுப்பு

இடையில் நுழைகிறேன். என்னிடம் 57 செ.மீ. உருண்டை கெட்டில் கிரில் மட்டும்தான், ஒரே ஒரு கம்பித்தட்டு. இதில் கலந்து வைக்க முடியுமா?

பதில்: தணல்

முடியும், மூன்று வகையோடு நிறுத்திக்கொண்டால். கரியைப் பாம்புபோல் அடுக்குங்கள்: சுவரை ஒட்டி, கீழே இரண்டு வரிசை, அதன்மேல் இரண்டு வரிசை, வட்டத்தின் முக்கால் பங்கு வரை. மேலே ஒவ்வொரு கைவிரல் நீளத்துக்கும் ஒரு சின்ன மரக்கட்டை. ஒரு முனையில் மட்டும் 8 முதல் 10 கனிந்த கரி. 110, 120 டிகிரியில் ஆறிலிருந்து எட்டு மணி நேரம் ஓடும். நடுவில் கரி இல்லாத இடத்தில் ஓர் அலுமினியத் தட்டு, கறி அதற்கு நேர் மேலே.

3.5 கிலோ தோளுக்கு இதில் நேரம் போதாது. 1.5 கிலோ துண்டு ஒன்று, ரிப்ஸ் ஒரு வரிசை பாதியாக வெட்டியது, தொடைத்துண்டு ஆறு என்று வைத்துக்கொள்ளுங்கள். தோள்துண்டு முதலில், ஒரு மணி நேரம் கழித்து ரிப்ஸ், தோளைச் சுற்றி ஓவனுக்கு மாற்றியபின் அந்த இடத்தில் தொடை. ஒரே மட்டம் என்பதால் சொட்டும் சிக்கல் இல்லை, ஆனால் தொடையும் ரிப்ஸும் தொட்டுக்கொள்ளக் கூடாது. நடுவில் மடித்த ஃபாயில் ஒன்றை நிறுத்திவிடுங்கள்.

நெருப்பு நகர்ந்துகொண்டே இருக்கும். கரி எரியும் முனைக்கு அருகில் இருக்கும் கறி மற்றதைவிட 20 டிகிரிக்கும் மேல் சூடு வாங்கும். மூடியின் துவாரம் எப்போதும் நெருப்புக்கு எதிர்ப்பக்கம் இருக்குமாறு மணிக்கொருமுறை மூடியைத் திருப்புங்கள், கம்பித்தட்டையும் அதே அளவு திருப்பி மெல்லிய துண்டுகளை நெருப்பிலிருந்து தள்ளிவையுங்கள். தொடை 75 தொட்டதும் கரியின் மீதியையெல்லாம் ஒரு பக்கமாகக் குவித்து, அடித்துவாரத்தை முழுதாகத் திறந்து பத்து நிமிடம் விட்டால், தோலை மொறுமொறுப்பாக்கும் அளவுக்குத் தணல் கிடைக்கும். கொழுப்பு சொட்டித் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். மூடியைப் போட்டு, மேலும் கீழும் துவாரங்களை அடைத்து, தீ அடங்கும்வரை பொறுத்துத் திறவுங்கள்.